ரூபி ஓடி முடிக்காத பன்னிரண்டு மைல்

முகத்துக்கு நேரே 'ஏலாது' என்று சொல்லத் தெரியாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கலியாண வீட்டில் இரண்டாம் தரம் பாயாசம் வாங்குவதோடு தப்பிவிடுகிறார்கள். நான் நாய்வண்டிப் பந்தயத்துக்குப் போனேன்.

இத்தனைக்கும் எனக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் ஒரு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டவன் நான். லண்டனுக்கு வந்த பிறகும் நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கத்துக்குப் போவேன். அப்படிப்பட்டவனுக்கு மனோர் பார்க்கில் வாய்த்த வீடு, மூன்று ஹஸ்கி நாய்கள் இருந்த வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் சுவர். அவை ஊளையிட்டால் எங்கள் அலுமாரிக் கண்ணாடிகள் அதிரும்.

நாய்களின் சொந்தக்காரர் டெரிக், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மனைவியை இழந்து தனியாக இருந்தார். என் மனைவி வசந்திக்குப் பிரசவ வலி வந்த அன்று அம்புலன்ஸ் வரத் தாமதமாக, நாய் மயிர் நிறைந்த தன் வான் வண்டியில் அவளை ஏற்றி, இரண்டு சிவப்பு விளக்குகளைத் தாண்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். மகள் பத்து நிமிடத்தில் பிறந்தாள். அப்படிப்பட்ட மனிதர் அடுத்த வருடம் என் வாசலில் தடி ஊன்றி வந்து நின்று ஓர் உதவி கேட்டால் என்ன சொல்வது?

"சிவா, என் முழங்காலுக்கு ஒப்பரேஷன் நாள் தந்துவிட்டார்கள். பந்தயத்துக்கு முதல் நாள். எனக்குப் பதிலாக நீ ஓட்டுவாயா?" என்று கேட்டார்.

ஓட்டக்கூடிய ஆட்கள் அவருடைய சங்கத்தில் இருந்தார்கள். ஆனால் எல்லாரிடமும் சொந்த நாய்கள் இருந்தன. அவருடைய நாய் ரூபிக்குத் தெரிந்த வேறு மனிதன், தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் பயந்து நின்ற நான் மட்டும்தான்.

ரூபிதான் முன்னணி நாய். வயது பத்து. டெரிக்கின் மனைவி மோரீன் போத்தலில் பால் கொடுத்து வளர்த்தது. எட்டு வருடத்தில் ரூபி ஓடத் தொடங்கி முடிக்காத பந்தயம் ஒன்றுகூட இல்லை. இதுதான் கடைசிப் பந்தயம், அதற்குப் பிறகு அவளுக்கு ஓய்வு.

"வெல்ல வேண்டாம். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை. அவள் தன் காலால் கோட்டைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். மோரீனுக்காக," என்றார் டெரிக்.

நான் ஓம், ஓட்டுகிறேன் என்றேன். (பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தது வேறு கதை.)

செய்தி பரவியது. தோர்ண்டன் ஹீத்தில் இருந்து என் மச்சான் போன் எடுத்தான்.

"அத்தான், இஞ்ச பனியே இல்லை. நாய் எதில இழுக்கும்?"

"பனி தேவையில்லை. மூண்டு சில்லு வண்டி. காட்டுக்குள்ள மண் பாதையில ஓடுறது."

"அப்ப அது மாட்டுவண்டிச் சவாரி மாதிரித்தானே? அதுக்கு ஏன் நாய்?"

டெரிக்கிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். இன்றுவரை கேட்கவில்லை.

ஆறு வாரம் பயிற்சி எடுத்தேன். வேலைக்குப் போகுமுன், விடியற்காலையில், பக்கத்தில் இருந்த பெரிய புல்வெளிக்கு வண்டியையும் நாய்களையும் கொண்டுபோவேன். டெரிக் ஒரு மடக்குக் கதிரையில் இருந்து கட்டளையிடுவார். நான் வண்டியின் பின்பலகையில் நின்று பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி, தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிடுவேன். நாய்கள் நரியைக் கண்டால் நரியின் பின்னால் ஓடின, காகத்தைக் கண்டால் காகத்தின் பின்னால் ஓடின. நான் சொன்ன பக்கம் ஒருபோதும் ஓடவில்லை. முதல் வாரத்திலேயே மூன்று தடவை விழுந்தேன். நாய் படாத பாடு என்பார்கள். அந்தப் பாட்டை நான்தான் பட்டேன், நாய்கள் சந்தோசமாகவே இருந்தன.

ஒருநாள் சேற்றில் குப்புறக் கிடந்தபோது, முருகன் கோயில் காலைப் பூசைக்கு நடந்துபோன ஓர் ஐயா நின்று பார்த்தார்.

"தம்பி, கவுன்சிலில நாய் பிடிக்கிற வேலையோ?"

"இல்லை ஐயா. சும்மா."

"சும்மாவோ?" என்றார் அவர். அதன்பின் கோயிலில் என்னைக் கண்டால் என் மனைவியை மட்டும் இரக்கத்தோடு சுகம் விசாரிப்பார்.

ஒப்பரேஷனுக்குப் போகுமுன் டெரிக் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதித் தந்தார். அதில் இரண்டு தடவை அடிக்கோடிட்ட வரி ஒன்று இருந்தது. பந்தயத்துக்கு முதல் நாள் பின்னேரத்துக்குப் பிறகு சாப்பாடு கூடாது, காலையில் தண்ணீர் மட்டும். வயிறு நிறைந்த நாய் ஓடாது, ஓடினால் ஆபத்து. அந்தத் தாளை வசந்திக்கு வாசித்துக் காட்டி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

அன்றிரவு நாய்கள் எங்கள் வீட்டில் தங்கின. காலை நாலரை மணிக்கு நான் வெளியே போய் வண்டியை டெரிக்கின் வானில் ஏற்றிக் கட்டினேன். அதற்கு இருபது நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது குசினியில் ஒரு பேரமைதி. மூன்று நாய்களும் மூன்று தாச்சிச் சட்டிகளை நக்கிக்கொண்டிருந்தன.

"என்ன குடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"பிட்டும் அவிச்ச கோழியும். ஆளுக்கு ரெண்டு முட்டையும்."

"தாளில போட்டிருந்ததெல்லே, சாப்பாடு குடுக்கக்கூடாதெண்டு?"

"அது வெள்ளைக்காரர் சொல்லுவினம். பன்னிரண்டு மைல் ஓடப்போற சீவனை வெறுவயித்தோட என்னண்டு அனுப்புறது? எங்கட வீட்டில இருந்து ஆரும் அப்பிடி வெளிக்கிட்டதில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் உறைப்புப் போடேல்லை," என்றாள்.

அந்த நேரத்தில் நான் டெரிக்கின் சங்கத்துக்குப் போன் எடுத்துச் சொல்லி, விலகியிருக்க வேண்டும். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் மேசையில் இருந்த என் பங்குப் பிட்டைச் சாப்பிட்டுவிட்டு வானை எடுத்தேன். போகிற வழியில் செமித்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காடு லண்டனுக்கு வடக்கே இரண்டு மணித்தியால ஓட்டம். அங்கே குளிரில் எல்லா நாய்களும் துள்ளிக் குதித்து ஊளையிட்டுக்கொண்டிருந்தன, எங்கள் மூன்றையும் தவிர. எங்கள் மூன்றும் ஏப்பம் விட்டன. இருந்தாலும் கொடி விழுந்ததும் ரூபி பாய்ந்தாள் பாருங்கள், பழக்கம் என்றால் அதுதான். முந்நூறு யார் வரை நாங்கள் பறந்தோம். வசந்தி மகளைத் தூக்கிக்கொண்டு கைதட்டினாள். ஒரு கணம், என் வாழ்க்கையில் ஒரே ஒரு கணம், நானும் ஒரு வீரன்தான் என்று நம்பினேன்.

வளைவு தாண்டியதும் ரூபி நின்றாள். பின்னங்காலை மடக்கிக் குந்தினாள். காத்திருந்தேன். அவள் முடித்ததும் வலது பக்கத்து நாய் குந்தியது. அது முடித்ததும் இடது பக்கத்து நாய். பிறகு மறுபடியும் ரூபி. இப்படியே இரண்டு மைல். எங்களுக்குப் பின்னால் புறப்பட்ட ஒவ்வொரு வண்டியும் எங்களைக் கடந்து போனது. ஓட்டியவர்கள் எல்லாரும் மரியாதையாக, சுகமா, உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். நானும் மரியாதையாக, வேண்டாம், நன்றி என்றேன். அங்கேயும் எனக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை.

ஐந்தாவது மைலில் ரூபி படுத்துவிட்டாள். பாதையோரம் நின்ற மிருக வைத்தியர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார்.

"வருத்தம் ஒன்றும் இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது. இன்றைக்கு இவள் ஓடக்கூடாது. நடத்திக்கொண்டு போ," என்றார்.

நடந்தோம். ரூபி பத்து அடி நடப்பாள், படுப்பாள். வண்டியின் வாரை என் இடுப்பில் கட்டி நானே இழுத்தேன். இளைய நாய்கள் இரண்டும் எனக்குப் பக்கத்தில் துணைக்கு வந்தன. மழை தூறியது. கோட்டைக் கழற்றி ரூபிக்குப் போர்த்தினேன். "கொஞ்சம் எழும்பம்மா, மோரீனுக்காக," என்று தமிழில் கெஞ்சினேன். அவள் என் கையை நக்கினாள், எழும்பவில்லை. நான் அப்போது அழுதேன். மழை பெய்ததால் வெளியே தெரிந்திருக்காது என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வருகிறேன்.

முடிவுக் கோட்டுக்கு இன்னும் ஒரு மைல் இருந்தபோது நடுவர் நான்கு சில்லு மோட்டார் சைக்கிளில் வந்தார். நேரம் முடிந்துவிட்டது, பாதையை மூடுகிறோம் என்றார்.

"நடந்தே வருகிறோம். இருட்டும் வரைக்கும் நேரம் தாருங்கள்," என்றேன்.

"எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஐயா."

மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்து வந்த பெட்டியில் ரூபியை ஏற்றினார்கள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் கோட்டைத் தாண்டியது பெட்டியில் படுத்தபடி. அங்கே வசந்தி போர்வையோடு ஓடிவந்தாள். எங்களைப் பார்த்ததும் அவளுடைய முகம் செத்துப்போனது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டெரிக் தலையணையில் சாய்ந்திருந்தார்.

"முடித்தாளா?" என்றுதான் முதலில் கேட்டார்.

ரூபிக்கு வயிறு சரியில்லை என்று தொடங்கினேன். வசந்தி என்னை மேலே பேச விடவில்லை. தன் ஆங்கிலத்தில், சாப்பாடு கொடுத்தது நான்தான், தாளைப் பார்த்தும் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டாள். டெரிக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "நீங்கள் இப்போது போவது நல்லது," என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் எங்களோடு பேசவில்லை. ஒரு மாதம். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கும். நாங்கள் ரேடியோவைக் குறைப்போம். வேறு வீடு பார்ப்போமா என்றுகூட யோசித்தேன்.

ரூபிக்கு மட்டும் கோபம் இல்லை. வேலியில் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் குசினிக் கதவடியில் வந்து இருந்தாள். டெரிக் கூப்பிட்டுப் பார்த்தார், விசில் அடித்தார். அவள் அசையவில்லை. கடைசியில் ஒருநாள் தடியோடு அவரே கூட்டிப்போக வந்தார். வந்தவரை வசந்தி சும்மா விடுவாளா? கதிரையை இழுத்துப் போட்டு, பிட்டும் முட்டைப் பொரியலும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அடுத்த நாளும் ரூபி வந்தாள், அவரும் வந்தார். ரூபி சாகும்வரை இரண்டு வருடம் இரண்டு பேரும் வந்தார்கள். அதன்பின் அவர் தனியாக வந்தார்.

ஒரு காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்.

"டெரிக், அந்தப் பந்தயத்துக்கு எங்களை மன்னித்துவிட்டீர்களா?"

அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இல்லை," என்றார். "அந்தச் சம்பலை இங்கே தள்ளு."

எங்கள் வீட்டில் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் அதுதான். போன மாதம் எங்கள் கலியாண நாளை மறந்துபோனேன். இரவுச் சாப்பாட்டு மேசையில், மகளுக்கு முன்னால், வசந்தியிடம் முறையாக மன்னிப்புக் கேட்டேன்.

"இல்லை," என்றாள் வசந்தி. "சம்பலை இஞ்சால தள்ளுங்கோ."

மேசையில் சூப்பும் பாணும் மட்டும்தான் இருந்தன. நான் எழும்பிப் போய்த் தேங்காய் திருவினேன்.