குத்தாலிங்கம் ஒன்றும் சொல்லவில்லை

"சாப்பாடு சும்மாவா?"

"ஆமாப்பா."

"தங்குறதும்?"

"அதுவும் சும்மாதான். சீருடை, ஷூ, பஸ் பாஸ் எல்லாம் அவங்களே தாராங்க."

குத்தாலிங்கம் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மகள் ஸ்ரீமதி பி.காம். முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறாள். குற்றாலத்தில் புதிதாகத் திறந்திருக்கும் சாரல் இளைஞர் மையத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தென்காசிப் பிள்ளைகளுக்கு மூன்று மாதப் பயிற்சி. முதலுதவி, அருவியில் வெள்ளம் வந்தால் ஆட்களை மீட்பது, சுற்றுலா வழிகாட்டி வேலை எல்லாம் சொல்லித்தருவார்கள். முடித்தால் சீசனுக்கு வேலையும் உண்டு.

"நடத்துறவனுக்கு இதுல என்ன லாபம்?"

"அதான் எனக்கும் புரியல," என்றாள் ஸ்ரீமதி. "பாஸ்போர்ட் இருந்தா கொண்டு வரலாம்னு வேற சொல்லுதாங்க. நான் அப்ளை பண்ணிருக்கேன். நீங்க யார்ட்டயும் சொல்லிராதிய."

இலவசம் என்றாலே குத்தாலிங்கத்துக்குப் பயம். பிறந்தநாளுக்கு வங்கி வாழ்த்து அனுப்பினால் அன்றைக்கே ரகசிய எண்ணை மாற்றிவிடுவார். அன்னதானத்தில்கூட உபயம் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார்.

ஆனால் இந்தமுறை பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆலங்குளத்தில் அவர் மச்சினன் மகனைக் கம்ப்யூட்டர் வேலை என்று வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கட்டடத்துக்குள் அடைத்துவிட்டார்கள். தப்பி வந்த பையன் இன்றைக்கும் யாராவது கதவைச் சாத்தினால் எழுந்துபோய்த் திறந்து வைக்கிறான். அவனிடமும் முதலில் எல்லாம் இலவசம் என்றுதான் சொன்னார்கள். குத்தாலிங்கத்துக்கு இருப்பது ஒரே மகள்.

போகக்கூடாது என்று நேராகச் சொன்னால் ஸ்ரீமதி சாப்பிட மாட்டாள். எனவே விசாரிப்பது என்று முடிவு செய்தார். அதற்கு அவருக்கு வசதியும் இருந்தது. தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மையத்துக்குத் தேர்வான பிள்ளைகள் சான்றிதழ்களைப் பிரதி எடுக்க அங்கேதான் வந்தாக வேண்டும்.

முதலில் வந்தவள் வடிவாம்பாள், மகன் விஜயசங்கரோடு.

"குற்றாலத்துல பயிற்சி அண்ணாச்சி. இவனுக்கு இடம் கிடைச்சிருக்கு."

"அப்படியா," என்று மிஷினின் மூடியைத் திறந்தார் குத்தாலிங்கம். "நான் ஒண்ணும் சொல்லல."

"என்ன அண்ணாச்சி?"

"சாப்பாடு சும்மா போடுதானாம். பாஸ்போர்ட் கேக்கானாம். நான் ஒண்ணும் சொல்லல. பின்பக்கமும் எடுக்கணுமா?"

வடிவாம்பாள் சான்றிதழைக் கண்ணாடியின் மேலிருந்து தானே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் குத்தாலிங்கம் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். மறுநாள் டீக்கடையில் ஒருவர் அவர் காதருகே வந்தார்.

"கேட்டியளா அண்ணாச்சி? குற்றாலத்துல ஏதோ மையமாம். பிள்ளைக பாஸ்போர்ட்டையெல்லாம் பிடுங்குதாங்களாம்."

குத்தாலிங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரே சொல்லுகிறது என்றால் விஷயம் உண்மைதான். அது தன் கடையிலிருந்து கிளம்பிப் போனதுதான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. கடையைப் பூட்டிவிட்டுக் குற்றாலத்துக்கு பஸ் ஏறினார்.

சாரல் நனைத்துக்கொண்டிருந்தது. மையத்தின் பக்கவாட்டில் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தரையில் ஒரு மனிதன் சட்டையில்லாமல் மல்லாந்து கிடந்தான். தடியன் ஒருவன் இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஆழமா அமுக்கு," என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

கிடந்தவனிடம் அசைவே இல்லை.

"ஏலே, ஒரு ஆளைக் கொல்லுதாங்க," என்று எதிரிலிருந்த ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்துக் கத்திவிட்டு உள்ளே பாய்ந்தார் குத்தாலிங்கம். தடியனைத் தள்ளிவிட்டு, கிடந்தவனை அப்படியே வாரி எடுத்தார். ஆள் லேசாக இருந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"முதலுதவி பழகுற பொம்மை ஐயா," என்றாள் அந்தப் பெண். மையத்தின் பொறுப்பாளர் கிறிஸ்டி அவள்தான். "உக்காருங்க. தண்ணி குடிங்க."

"பாஸ்போர்ட் எதுக்கு கேக்கிய?" என்றார் பொம்மையைக் கீழே வைக்காமலே.

"அடையாளத்துக்கு ஏதாவது ஒண்ணு போதும் ஐயா. ஆதாரே போதும்."

குத்தாலிங்கத்துக்கு மிகவும் வெட்கமாகப் போயிற்று.

அவர் தென்காசி திரும்புவதற்குள் ஆட்டோக்காரர்கள் வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. கடைவாசலில் பெற்றோர் கூட்டம்.

"ஆளைப் படுக்க வச்சுக் குத்துதாங்களாமே அண்ணாச்சி?"

"அது பொம்மை."

"காலையும் வெட்டிட்டாங்களாம்."

"பொம்மைக்கு ஏதுய்யா காலு? நல்ல இடம். நானே பாத்துட்டு வாரேன். பிள்ளைகளைத் தைரியமா அனுப்புங்க."

வடிவாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சியையே மிரட்டி அனுப்பிருக்காங்க. எப்படி நனைஞ்சு வந்திருக்காரு பாருங்க."

"மிரட்டலம்மா. தங்கமான பொம்பள. தண்ணியெல்லாம் கொடுத்தா."

"தண்ணில என்னத்தக் கலந்தாளோ," என்றது ஒரு குரல். கூட்டம் கலைந்து போயிற்று.

வீட்டில் மனைவி முத்துவடிவு பிடித்துக்கொண்டாள். "ஊர்ப்பிள்ளைக பொழப்பைக் கெடுத்தாச்சு. அந்த மையத்தை மூடிட்டாங்கன்னா இவ எங்கன போவா?"

ஸ்ரீமதி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. குத்தாலிங்கத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. சந்தேகம் சந்தேகம் என்று பெற்ற மகளையே அழவைத்துவிட்டோமே என்று நெஞ்சு வலித்தது.

"அழாத மக்கா. காலுல விழுந்தாவது உன்னைச் சேத்துவிடுதேன்."

தோள்கள் இன்னும் வேகமாகக் குலுங்கின.

காலையில் மகளோடு கிறிஸ்டியின் முன்னால் கைகட்டி நின்றார்.

"தப்பு எம்மேலதான். அதுக்கு எம்மவளைத் தண்டிச்சிராதிய."

"பாதிப் பேர் வரல ஐயா," என்றாள் கிறிஸ்டி. "அவங்க வீட்டுக்கெல்லாம் நேர்ல போய்ப் பேசி அடுத்த வகுப்புல சேத்துக்கிடுதோம். ஸ்ரீமதி இன்னைக்கே சேரலாம்."

காகிதத்தை நீட்டினார்கள். வாழ்க்கையில் முதன்முறையாகப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார் குத்தாலிங்கம். ஸ்ரீமதி சீருடையை வாங்கிக்கொண்டு துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வாசலில் காவலாளி தில்லைநாயகம் பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். மழை விடும்வரை குத்தாலிங்கம் அங்கேயே உட்கார்ந்தார். மனசு நிறைந்திருந்தது.

"எத்தனை பேர் அப்ளை பண்ணிருப்பாங்க. எம்மவளுக்கு மட்டும் பாத்த உடனே இடம் கொடுத்துட்டாங்க. எல்லாம் அவ மார்க்கு."

"மார்க்கா?" என்றார் தில்லைநாயகம். "வெயிட்டிங் லிஸ்ட்டுல கடைசி ஆளு உங்க மவதான் அண்ணாச்சி. வாய்ப்பே இல்லம்மான்னு மேடம் சொன்னப்போ, 'ஒரே ஒரு வாரம் பொறுங்க மேடம், எங்கப்பா தாலுகா ஆபீஸ் எதிர்க்க ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு'ன்னு சொல்லிட்டுல்லா போச்சு."