கேரிபேக்கும் வழுக்கல் தண்ணியும்

சிதம்பரத்தில் அவர் கை படாத கார் ஒன்றுகூட இருக்க முடியாது. சொந்தக்காரர் தொட்டிருக்கிறாரோ இல்லையோ, அவர் தொட்டிருப்பார். அதுவும் வெறுங்கையால் அல்ல. தக்காளி போட்டுத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நாடி பார்க்கும் வைத்தியர்போலப் பானெட்டைத் தடவுவார். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரியும் பெயின்ட், பைக்குள் இருக்கும் விரலுக்கு ரவை தூவியதுபோல நெருடுமாம். ஆகவே ஊருக்கு அவர் ‘கேரிபேக்’. பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது தமிழ்நாட்டிலேயே அதிகம் இடிந்துபோனவர் அவர்தான் என்பார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது கடலூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில். மாப்பிள்ளையின் காரைப் பையோடு தடவிக்கொண்டிருந்தார். பூ அலங்காரத்துக்கு வந்த ஆள் என்று நினைத்துப் பெண் வீட்டார் அவரை இழுத்துப்போய் டிபன் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். பொங்கல், வடை எல்லாம் முடித்துக் கை கழுவியவர் நேராக மாப்பிள்ளையிடம் போனார்.

“நல்லா இருங்க தம்பி. ஆனா உங்க வண்டி மேல இரும்புத் தூசி ஜாஸ்தி. பாத்துட்டு சொல்லாம போவ மனசு வரல.”

தாலி கட்டும் நேரத்திலும் அந்த மாப்பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மனிதரைத் தேடி நானே ஓடும் நாள் போன மாதம் வந்தது.

என் மனைவியின் தம்பிக்குத் துபாயில் வேலை. அவருடைய கருநீலக் கார் எங்கள் வீட்டில் நின்றது. அவர் ஊருக்கு வருவதற்கு முதல் நாள், புதிதாக லைசென்ஸ் வாங்கிய என் மகள், காலேஜில் சர்டிபிகேட் வாங்கவேண்டும் என்று அந்தக் காரைச் சிதம்பரத்துக்கு எடுத்துப்போனாள். முதல் தடவையாகத் தனியாக. நான்தான் பெரிய மனதோடு சரி என்றேன். பதினோரு மணிக்கு போன் வந்தது.

“அப்பா... வண்டிப்பா...” அதற்குமேல் அழுகை.

அந்த வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையே ஐந்து விநாடி இருந்திருக்கும். அதில் பிடித்த நடுக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இப்போதும் போன் அடித்தால் என் கையிலிருக்கும் காபி டபராவில் பாதி, தரையில் பாதி.

அவளுக்கு ஒன்றும் இல்லை. நிழலாக இருக்கிறதே என்று ஒரு வீட்டோரம் காரை நிறுத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு ஸ்ப்ரேயில் வெள்ளி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. நான் கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, கருநீலக் கார் பட்டப்பகலில் நட்சத்திரம் பூத்து நின்றது.

“இனிமே நான் வண்டியே தொட மாட்டேன்பா” என்று மகள் சாவியை என் சட்டைப் பையில் போட்டாள்.

நான் பயந்தது அதற்குத்தான். மாமனுக்குக் கோபம் வந்தால் இரண்டு நாளில் ஆறிவிடும். இந்தச் சாவி இன்றைக்கு அவள் கைக்குத் திரும்பாவிட்டால் அப்புறம் எப்போதுமே திரும்பாது. என் அக்கா சைக்கிளிலிருந்து ஒரே ஒரு முறை விழுந்தவள், இந்த ஐம்பத்தெட்டு வயதிலும் ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

பெயின்ட் அடித்தவர், காரின் பெயின்ட்டையும் சேர்த்துக் கரைத்துவிடும் தின்னர் பாட்டிலோடு உதவிக்கு வந்தார். அவரைக் கும்பிட்டுத் தடுத்துவிட்டு, முதல் கியரிலேயே காரை உருட்டிக்கொண்டு வண்டிகேட் பக்கம் இருந்த கேரிபேக்கின் தகரக் கொட்டகைக்குப் போனேன்.

அவர் காரைக் கழுவினார். பையை மாட்டிக்கொண்டு தடவினார். “மேலாப்புலதான் ஒக்காந்திருக்கு. மாவு போட்டா வந்துடும்” என்றார். மாவு என்றால், கார்க்காரர்கள் கிளே என்று சொல்லும் களிமண். பார்வைக்குக் கொழுக்கட்டை மாவு. பிசைந்து தட்டையாக்கிப் பெயின்ட்மேல் ஓட்டினால் ஒட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் கவ்விக்கொண்டு வரும்.

“அப்ப ஆரம்பிங்களேன்.”

“எதுல சார் ஆரம்பிக்கிறது? வழுக்கல் தண்ணி முடிவாவலயே!”

மாவு வறட்டுப் பெயின்ட்டில் ஓடினால் கீறிவிடும். நடுவே வழுக்குவதற்கு ஒன்று வேண்டும். அது எது என்பதில்தான் கேரிபேக்கின் உயிர் இருந்தது. அலமாரியிலிருந்து ஆறு பாட்டில்களையும் ஒரு பழைய சிடியையும் எடுத்துவந்தார். ஒவ்வொரு தண்ணீராகச் சிடியின் பளபளப்பில் தெளித்து, மாவை ஓட்டி, வெளிச்சத்தில் கீறல் தேடினார்.

“என்ன சிடி இது?” என்றேன்.

“எங்க கல்யாணம் சார். பிளேயர் போயிடுச்சு. கல்யாணம் ஓடிக்கினு இருக்கு.”

வெறும் தண்ணீர் முதல் சுற்றிலேயே தோற்றது. பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர் அடுத்து. “இது வழுக்காது, இழுக்கும். மேல இருக்கிற மெழுகையும் தின்னுடும்.” இதற்குள் என் மனைவி போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவரிடமே பேசினாள்.

“தேங்காண்ணெய் போடுங்கண்ணே. பண்ருட்டி பலாப்பழப் பிசினே அதுல வுட்டுடுது!”

கேரிபேக் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் தீவிரமாக யோசித்தார். “பிசினுக்கு நீங்க சொல்றது சரிம்மா. இங்க எண்ணெய் போட்டா தூசி வந்து ஒட்டிக்கும். மாவு உப்புத்தாளா மாறிடும்.”

கடைசியில் கார் ஷாம்பூ சில சொட்டுகள் ஜெயித்தது. ஆனால் எந்தத் தண்ணீரில்? குழாயில் வருவது உப்புத் தண்ணீர். ஷாம்பூ சரியாக நுரைக்காது, காய்ந்தால் வெள்ளைத் திட்டு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் அவருக்குத் தண்ணீர். கேனில் இருந்தது அரை லிட்டர். பாக்கிக்கு என்னைத்தான் அனுப்பினார்.

இருபத்தாறு வருட ஆபீஸ் சர்வீஸ் உள்ள நான், ஒரு ஏடிஎம்மின் பின்பக்கம் குத்துக்காலிட்டு, ஏசி குழாயின்கீழ் குடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாட்ச்மேன் வந்து நெடுநேரம் பார்த்தார்.

“சார், உள்ள போனாத்தான் பணம் வரும். இங்க தண்ணிதான் வரும்.”

குடத்தோடு திரும்பியதும் ஸ்ப்ரே பாட்டிலை என் கையிலேயே கொடுத்தார் கேரிபேக். என் நடுக்கத்தில் தண்ணீர் நாலா பக்கமும் சமமாகச் சிதறியது. “அப்பிடியே நடுங்குங்க சார், அருமையா வுழுது!” என்றார். என் பதற்றத்தை ஒருவர் பாராட்டியது அதுவே முதல் முறை.

மின்விசிறியை நிறுத்தினார். பக்கத்து டீக்கடை ரேடியோவை நிறுத்தச் சொன்னார். மாவு ஓடும் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். முதலில் சரசரவென்றது. அவர் கை அழுத்தாமல் நேர்க்கோட்டில் போய்வர, சத்தம் மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. துணியால் துடைத்தார். ஒரு சாண் அளவுக்கு, மேகமில்லாத கருநீலம். என் மகள் மூலையில் இருந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். மூன்று மணி நேரத்தில் பானெட், கூரை, கதவுகள் என்று ஒவ்வொரு பகுதியாகச் சத்தம் அடங்கியது.

“வெயில்ல வெச்சுப் பாத்தாதான் முடிவு சொல்லலாம். யாராச்சும் வெளிய எடுங்க” என்றார்.

நான் சாவியை எடுத்தேன். கேரிபேக் தடுத்தார். “சார் வேணாம். முதல் கியர்ல வந்தவரு. கை வேற ஆடுது. தூண்ல தேச்சா மறுபடியும் நான் அழணும்.”

“நீங்களே எடுங்களேன்.”

“எனக்கு ஓட்டத் தெரியாதே! தொடுறதோட சரி. பாப்பா, நீ எடும்மா. நேரமாவுது, வெயில் போயிடும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாவியை நீட்டிவிட்டு வேறெங்கோ பார்த்தேன். இரண்டு தூண்களுக்கு நடுவே, பக்கத்துக்கு ஒரு முழம் இடைவெளியில், அவள் பின்னால் பார்த்துப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தாள். கார் வெயிலுக்கு வந்தபோது டீக்கடையிலிருந்தவர்கள் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். ஒரு புள்ளி இல்லை. ஒரு கீறல் இல்லை. அவள் இறங்கவே இல்லை. “ஏறுங்கப்பா, போலாம்” என்றாள். கடலூர்வரை அவள்தான் ஓட்டினாள். நான் வழி நெடுக இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மாமன் வந்ததும் நான் தடுப்பதற்குள் போட்டு உடைத்தாள்.

“மாமா, உங்க வண்டிய நான் எடுத்தேன். பெயின்ட் புள்ளி வுழுந்துடுச்சு. சரி பண்ணிட்டோம்.”

“எங்க வுழுந்துச்சு?”

அவள் காரை மூன்று முறை சுற்றினாள். காட்ட முடியவில்லை. மாமன் சிரித்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். “மேல்பட்டாம்பாக்கம் போவணும். நீயே எடு.”

போன வாரம் அவள் ஓட்ட, நானும் அவளும் பரங்கிப்பேட்டைக்கு ஒரு வேலையாகப் போனோம். மீன் மார்க்கெட் சந்தில் ஒரு லோடு வண்டி ரிவர்ஸில் வந்தது. இரண்டு பக்கமும் கூடைகள், நடுவே விரற்கடை இடம். ஓட்டியவர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, மறு கையால் டீ குடித்துக்கொண்டே, ஒரு கூடையையும் உரசாமல் வெளியே வந்தார். டீயை உறிஞ்சத் தலையைத் திருப்பியபோது முகம் தெரிந்தது. கேரிபேக்.

மகள் கண்ணாடியில் பின்னால் வந்த பைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துவிடுவாரோ என்று நான் சட்டென்று சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

“என்னப்பா தேடுறீங்க?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்ல. நீ ரோட்டப் பாரு” என்றேன். ‘எனக்கு ஓட்டத் தெரியாதே’ என்ற அந்தப் பொய்யின்மேல் ஒரு கீறல் விழவும் நான் விடமாட்டேன்.