நுரை டாக்டரும் சாம்பிராணிப் புகையும்

திருச்சியில் எனக்குத் தெரியாத டாக்டர் இல்லை. பாதிப் பேர் வீட்டில் என் சோப்பில்தான் துணி வெளுக்கிறது. ஆனால் தென்னூர் நுரை டாக்டரைப் போல ஒரு பிறவி காவிரிக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். சைக்கிளில் சோப்பு விற்றே ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு கட்டியவன். என் மகள் வயிற்றுப் பேரன் மாதம் நிறையாமல், உள்ளங்கை அளவில் பிறந்து மூச்சு மெஷினில் கிடந்தான். டாக்டர் என்னை உட்கார வைத்து, டம்ளரில் சோப்புத் தண்ணீர் கலக்கி, ஸ்ட்ராவால் ஊதிக் காட்டினார்.

“பாத்தீங்களாய்யா? நுரையீரல் பூரா இப்படித்தான், குட்டிக் குட்டிக் குமிழி. உள்ளே சோப்பு மாதிரி ஒரு வழவழப்பு இருந்தாத்தான் ஒட்டிக்காம விரியும்.”

“நுரையைப் பத்தி எனக்கேவா டாக்டர்? நான் சோப்புக் கம்பெனி ஓனர்!”

“அப்ப நீங்க ஊதுங்க.”

ஊதினேன். நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த வழவழப்பையே மருந்தாகக் குழாய் வழியே உள்ளே விட்டார்கள். பிள்ளை பிழைத்தான். ஆனால் வாரக்கணக்கில் ஆகியும் ஆக்சிஜனை எடுக்க முடியவில்லை. “இன்னும் எத்தனை பாட்டில் வேணுமோ போடுங்க, நான் பாத்துக்கறேன்” என்று மார் தட்டினேன்.

“வெளிச் சரக்கு ஆரம்பத்துக்குத்தான்யா. இனி அவனே தயாரிக்கணும். தயாரிக்கிறான், ஆனா உள்ளே புண்ணா இருக்கறதால சரக்கு சீக்கிரம் கெட்டுப்போகுது. ஆறட்டும், காத்திருப்போம். புகை, தூசி மட்டும் கிட்ட வரக்கூடாது.”

மூக்கில் மெல்லிய ஆக்சிஜன் குழாயோடு பேரன் வீட்டுக்கு வந்தான். புகை என்றால் பீடி, பஸ் என்றுதான் நாங்கள் நினைத்தோம். குளிப்பாட்டிய பிள்ளைக்குப் போடும் சாம்பிராணியை எவன் அந்தக் கணக்கில் சேர்ப்பான்? என் மனைவி தூபக்காலை ஊதிக்கொண்டே பிள்ளையிடம் போகும்போது, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் டாக்டர்.

“ஐயோ அம்மா! ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் பாய்ந்து தூபக்காலைப் பிடுங்கியவர், கொட்ட இடம் தேடித் தெருவில் ஓடினார். எதிரே வந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு மாமி புகையை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “எந்தக் கோயில்லேருந்து வரேள்?” என்றாள்.

“தென்னூர்லேருந்து!” என்று கத்திக்கொண்டே ஓடினார்.

சில மாதம் கழித்து க்ளினிக்கில் குழாயை எடுத்தார். பேரன் முகம் சிவக்க வீறிட்டான். மெஷினில் ஆக்சிஜன் நம்பர் இறங்கவில்லை. என் மகள் தூக்கப் போனாள்.

“இரும்மா, அழட்டும். இந்தச் சத்தத்துக்குத்தானே இவ்வளவு பாடு.” கச்சேரி கேட்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “இனி அடிக்கடி வர வேணாம். சந்தோஷமாப் போயிட்டு வாங்க” என்றார்.

குழந்தை டாக்டரிடம் எனக்கு என்ன வேலை? இருந்தாலும் போன வாரம், இல்லாத இருமலை இருமிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார்.

“நெஞ்சுல ஒண்ணும் இல்லையேய்யா.”

“இல்லாட்டி என்ன டாக்டர்? இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுப் பாருங்க.”