மூலக்குளத்தில் திரும்பி வந்த தாம்பூலத் தட்டு

நெல்லித்தோப்பு,
செவ்வாய்க்கிழமை.

பிரான்சில் இருக்கும் என் தங்கை மகன் சிரஞ்சீவி மதிவாணனுக்கு, பெரியம்மா ஆயம்மா எழுதுவது.

உன் மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போன அன்றைக்கு மூலக்குளத்தில் உன் அத்தை அன்னக்கிளி வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு எவரும் நானும் பார்த்தேன் என்று உனக்குப் போன் போட்டுப் புதிதாகச் சேர்க்கக் கூடாது. அன்னக்கிளி, அவள் புருஷன் ஆதிமூலம், என் பேத்தி கார்குழலி, அவளுக்குப் பாடம் எடுக்கும் சந்திரகலா டீச்சர், எங்களை ஏற்றிப்போன ஆட்டோ இராமதாஸ், கடைசியாக நான். கடைசியில் சொன்னாலும் காரியத்தைக் கெடுத்ததில் நான்தான் முதல்.

நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். ஐந்தாவதோடு நின்ற எழுத்து, பொறுத்துப் படி. போனில் பேசினால் கார்குழலி காதில் விழும். அதனால் எழுதுகிறேன். இராமதாஸ் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான்.

கார்குழலி எம்.பி.ஏ.வில் தொழில் தொடங்குவதையே ஒரு பாடமாகப் படிக்கிறாள். நம் ஆட்கள் பெட்டிக்கடை போட எந்தக் காலேஜுக்குப் போனார்கள் என்று கேட்டேன்; அவள் அதையும் எழுதிக்கொண்டாள். உன்னைப்போல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு லீவு கிடைக்காது, வீடு வீடாகப் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்க முடியாது, வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால் சொந்தம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவர்களுக்குப் பதிலாகப் போய் முறையாக அழைத்துவிட்டு வருவதுதான் அவள் ஆரம்பித்த கம்பெனி என்று உனக்கே தெரியும். உனக்குத் தெரியாதது, அந்தக் கம்பெனியின் பலம் நான்தான் என்று வகுப்பில் சொல்லி, என் படத்தைத் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறாள். பல்செட் மாட்டாத படம். எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும், யார் எதிரில் யார் பெயரை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. காய்கறி வண்டிக்காரனிடம்கூட, "எங்க கம்பெனில" என்றுதான் பேச்சை ஆரம்பித்தேன். அவன் மரியாதையாகக் கொசுறு கொத்தமல்லியை நிறுத்திவிட்டான்.

உன் மகள் தீபலட்சுமி கல்யாணம்தான் எங்களுக்கு முதல் ஆர்டர். முடிந்ததும் நீ காலேஜுக்கு ஓர் அபிப்பிராயம் எழுத வேண்டும். அது நல்லபடியாக இருந்தால் கம்பெனிக்குக் காலேஜிலேயே ஓர் இடம் கொடுத்து வளர்த்துவிடுவார்கள். கோழிப்பண்ணையில் குஞ்சு பொரிக்கிற பெட்டிக்கு வைத்த இன்குபேட்டர் என்ற பெயரையேதான் அந்த இடத்துக்கும் வைத்திருக்கிறார்கள். அபிப்பிராயம் மோசமென்றால் கம்பெனியை மூட வேண்டியதுதான். இதை நம்பி அவள் சென்னையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்றுவிட்டாள். அதனால்தான் டீச்சரம்மாவும் நேரில் பார்க்க வந்தார்.

தட்டைப் பிடிப்பது கார்குழலி, வார்த்தை சொல்வது நான் என்று ஏற்பாடு. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று பழகிக்கொண்டுதான் போனேன். மதிவாணன் சார்பாக வந்திருக்கிறோம், குடும்பத்தோடு முன்கூட்டியே வந்து நடத்திக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிரெஞ்சுப் பட்டாளத்துக்குச் சொல்தாவாகப் போன உன் அப்பாவுக்கு அன்னக்கிளி ஒரே தங்கை. அவள் வரவில்லையென்றால் உன் அப்பா பக்கத்து ஜனம் ஒன்றும் மண்டபத்தில் கால் வைக்காது. இதைக் கார்குழலிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்.

உள்ளே போனோம். அன்னக்கிளி தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் கையில் சொம்பைப் பார்த்ததும், ‘தானே’ புயலுக்கு அடுத்து வந்த மாசி மாதம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவள் மகன் கல்யாணம். நான் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாம்பழக் கலர்ப் புடவையில் வந்தவள், "வந்துடுங்கக்கா" என்று பத்திரிகையைக் கூடைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டாள். வீட்டுக்கு வரவில்லை. பத்திரிகையில் ஈரம்.

தண்ணீர் வேண்டாம் என்றேன். நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "உன்ன மாதிரி கத்தரிக்கா கூடையில போட்டுட்டுப் போவல. வூடு தேடி வந்திருக்கோம், வாங்கிக்க" என்றேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "இது மதிவாணன் சொல்லி அனுப்புன வார்த்தையா, உன் வார்த்தையாக்கா?" என்று கேட்டாள்.

என் வார்த்தை என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கம்பெனியின் கௌரவத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, "ரெண்டும்தான்" என்றேன். தட்டு கார்குழலி கைக்கே திரும்பி வந்தது. இதற்குள் காது சரியாகக் கேட்காத ஆதிமூலம் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே, கண்டிப்பாக வந்துவிடுகிறோம், மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்தார். பழத்தை எடுத்ததால் அழைப்பு சேர்ந்ததாகக் கணக்கா, தட்டு திரும்பியதால் சேராததாகக் கணக்கா என்று டீச்சரம்மா கேட்டார். நம் முறையில் அதற்குப் பதில் இல்லை. கம்பெனியின் பலமாகிய நான் ஆதிமூலம் போட்ட தோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டோவில் திரும்பி வீட்டு வாசலில் இறங்கும்போது கார்குழலி சொன்னாள். "எல்லார் பேரையும் ஞாபகம் வச்சிருக்க ஆயா. அவங்க பண்ணதையும் கூடவே வச்சிருக்க. பேர மட்டும் தனியா குடுக்க முடியாதா உன்னால?"

முயன்று பார்த்தேன் மதிவாணா. படுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக எடுத்தேன். எடுத்த பெயரெல்லாம் ஒரு குற்றத்தோடுதான் வந்தது. வேறு வழியில்லாமல் நேற்று நானே பஸ் ஏறி மூலக்குளம் போனேன். அன்னக்கிளி கதவைத் திறந்ததும் முதலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அது மதிவாணன் வார்த்தை இல்லை, என் வார்த்தைதான் என்றேன். அவள் என்னை நிற்கவைத்தே, "அன்னைக்கிக் கத்தரிக்கா நல்லா இருந்துச்சா?" என்றாள். சொத்தை என்றேன். சிரித்துவிட்டாள். வருகிறாளாம், எனக்காக இல்லையாம். இருக்கட்டும்.

ஆக, பிசகு முழுக்க என்னுடையது, பிள்ளைமீது ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நல்ல அபிப்பிராயமாக எழுதி அனுப்பிவிடு. நான் கம்பெனியிலிருந்து விலகிவிட்டேன். இனி யார்மேலும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து வாசலில் பன்னீர் தெளிப்பேன்.

உன் வீட்டு அடுப்பு அணையாமலும் தீபலட்சுமி முகம் வாடாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,
பெரியம்மா ஆயம்மா.

பின்குறிப்பு: நேற்று மூலக்குளத்திலிருந்து கிளம்பும்போது அன்னக்கிளி ஒரு கேள்வி கேட்டாள். "ஊரெல்லாம் நீ அழைச்ச சரி, உன்ன யாரு வந்து அழைச்சாங்கக்கா?" என் தங்கை பிள்ளை, எனக்கெதற்கு அழைப்பு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுக்க இராமதாஸ் வரட்டும் என்று காத்திருக்கும்போது யோசித்தேன். ஒருவரும் வரவில்லை. என் வாசலில் ஒரு வெற்றிலை வைக்கவில்லை. நீ போனில், "பெரிம்மா, நீங்கதான் எல்லாத்தையும் பாத்துக்கணும்" என்றாய். அது வேலை சொன்னது, அழைத்தது இல்லை. கார்குழலியை விட்டு அழைக்கலாம் என்று நினைக்காதே. அவள் என் பாயில் படுத்துத் தூங்குகிறவள், வீட்டுக்குள்ளிருந்து அதே வீட்டுக்கு அழைப்பு வைக்க முடியாது. அவளுக்கு எழுத வேண்டியதை நல்லபடியாக எழுது, அது அவள் உழைப்பு. பன்னீர்ச் சொம்பை வேறு யாரிடமாவது கொடு, நான் வரவில்லை. அன்னக்கிளியை மன்னித்துவிட்டேன். தேடிப் பார்த்ததில் என்னால் மன்னிக்க முடியாத ஆள் இப்போது ஒருவன்தான் இருக்கிறான்: என் தங்கை மகன் மதிவாணன்.