பேங்கு எடுத்த கோடி

துக்கம் வந்தால் சில பேர் அழுவார்கள், சில பேர் குடிப்பார்கள், சில பேர் வீட்டைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். நான் கேஷ்பேக் சேர்த்தேன். சொல்ல எனக்கே அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்தரும் அதை மறக்க விடுவதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. சம்பளம் போடுகிற பேங்கிலிருந்து ஒரு பையன் வந்தான். பத்தாவது ஃபெயிலான என்னையும் மேடம் மேடம் என்று கூப்பிட்டு ஒரு கிரெடிட் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனான். (மேடம் என்று இன்னும் ரெண்டு தடவை சொல்லியிருந்தால் கிட்னியையும் எழுதிக் கொடுத்திருப்பேன்.) கொஞ்ச நாளில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கட்டியது அந்தக் கார்டில்தான். காப்பாற்ற முடியவில்லை. கடப்பாக்கத்து வீட்டுக்கு அவரை ஆம்புலன்சில் கொண்டுவரும்போது என் போனில் மெசேஜ் வந்தது. வாழ்த்துகள், உங்களுக்கு கேஷ்பேக் கிடைத்துள்ளது. அதைப் பார்த்து நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்குத் தெரியாது. தம்பி போனைப் பிடுங்கி பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். சும்மா உட்கார்ந்தால் அப்பா ஞாபகம் வந்தது. ஆஃபரைப் படித்துக்கொண்டிருந்தால் வரவில்லை. அதனால் படித்தேன். மளிகைக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, ஒரு மாதத்தில் எந்தத் தொகைக்கு மேல் தரமாட்டான், பெட்ரோலுக்கு மட்டும் ஏன் தரமாட்டான் என்று எல்லாம் மனப்பாடம். (பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் நான் ஏன் ரிசார்ட்டில் பெட்ஷீட் உதறப் போகிறேன்?) கருமாதிக்குச் சாமான் வாங்க யார் கிளம்பினாலும் பின்னாலேயே போவேன். அவர்கள் காசை நான் வாங்கிக்கொண்டு கடையில் என் கார்டைத் தேய்ப்பேன். கார்டு மிஷின் இல்லாமல் எதற்குத் தொழில் செய்கிறீர்கள் என்று பந்தல்காரரோடு சண்டை. சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "சாவு வூட்ல இன்னாம்மா ஆஃபரு?" என்றார்.

அம்மா எதிலும் கலந்துகொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கண்ணன் கோடி போட வருவானா?"

புருஷன் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். கருமாதி அன்று கூடப் பிறந்தவன் அதை அவள் தோளில் போர்த்துவான். உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று ஊர் பார்க்கச் சொல்கிற காரியம் அது. அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. மதுராந்தகத்தில் இருக்கிற என் மாமா அப்பாவோடு பேசிப் பல வருஷம் ஆகிறது. ஒரு கல்யாணத்தில் அப்பா விளையாட்டாக, தங்கச்சிக்கு ஒரு துண்டு எடுக்கக்கூட வக்கில்லாதவன் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து பேச்சில்லை.

ஆனால் மாமா வந்தார். மதுராந்தகத்துக் கடையில் புடவை எடுக்க என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். பாதிக் கடையைப் பிரித்துப் போட்டுப் பார்த்து, வெங்காயச் சருகு நிறத்தில் ஒன்றை எடுத்தார். அழகான புடவை. அவர் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கை அரித்தது. அந்தக் காசை எங்கிட்ட கொடு மாமா, கார்டில் போட்டால் அஞ்சு பர்சென்ட் திரும்பி வரும் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, என்னவோ செய் என்று பணத்தை என் கையில் திணித்தார்.

கருமாதி அன்று மாமா தட்டில் புடவையோடு வந்து அம்மா முன்னால் நின்றார். அம்மா தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தாள். அவள் யாரையாவது நேராகப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. அப்போது அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, என்னிடம் மெதுவாக, "பொடவ நல்லாத்தான் கீது. இன்னா வெலைடி?" என்று கேட்டாள்.

விலையை மட்டும் சொல்லியிருக்கலாம். நான், பந்தலுக்கே கேட்கிற மாதிரி, என் கார்டில் போட்டதால் அஞ்சு பர்சென்ட் மிச்சம் என்றேன்.

"உன் கார்டா? அப்ப கோடி எடுத்தது பொண்ணா?"

"இல்ல அத்த, மாமா காசு குடுத்தாரு."

"கடைக்கா, உனக்கா?"

"எனக்கு."

"கடைக்கு?"

"பேங்கு குடுக்கும்."

"பேங்குக்கு நீ கட்டிட்டியா?"

"பில்லு வந்தாதான கட்டணும்."

அத்தை முகவாயில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப இது பேங்கு எடுத்த கோடி. பேங்குக்காரன் இன்னா உங்கம்மா கூடப் பொறந்தவனா?"

பந்தல் ரெண்டாகப் பிரிந்தது. காசு மாமாவுடையதுதானே என்று ஒரு பக்கம். கடனில் வாங்கிய கோடி செல்லாது என்று இன்னொரு பக்கம். ஈஎம்ஐயில் தாலி வாங்கலாமா என்று ஒரு பெரியவர் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். நான் நடுவில் நின்று பில்லிங் தேதியை விளக்கிக்கொண்டிருந்தேன். (ஆமாம். பில்லிங் தேதியை.)

மாமா தட்டைக் கீழே வைத்தார்.

"வக்கில்லாதவன்னு உங்கப்பன் வாயால சொன்னான். நீ கார்டு போட்டுக் காமிச்சிட்ட."

தம்பியின் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா தலை மறுபடி குனிந்துகொண்டது. ராகு காலம் வந்துவிடும் என்று காரியம் செய்கிறவர் முணுமுணுத்தார். நான் அவசரமாகக் கடைக்குப் போன் போட்டேன். புடவையைத் திருப்பினால் பணம் கார்டுக்குத்தான் போகும், கைக்கு வராது, கேஷ்பேக்கையும் பேங்க் பிடித்துக்கொள்ளும் என்றார்கள். அந்த நேரத்தில் எனக்குக் கேஷ்பேக் போகிறதே என்றுதான் முதலில் வயிறு எரிந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மாமா இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்று எல்லாரும் முடிவு கட்டியபோது பைக் சத்தம் கேட்டது. ரோட்டோரம் திறந்திருந்த ஒரே சின்னக் கடையில் ஒரு புடவை எடுத்து வந்திருந்தார். நைலக்ஸ். கிளிப்பச்சை. அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சூரியகாந்திப் பூ. சில்லறை இல்லையென்று கடைக்காரர் ஷாம்பு பாக்கெட்டைச் சரமாகக் கொடுத்திருந்தார். அதுவும் அவர் கழுத்தில் மாலை மாதிரி தொங்கியது.

"ரொக்கம்," என்றார், பந்தலைச் சுற்றிப் பார்த்து. "என் ரொக்கம். எந்த மிஷின்லயும் தேய்க்கல."

போர்த்தினார். அம்மா குனிந்து அந்தப் பூக்களைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அத்தை ஓடி வந்து பிடித்தாள். அழவில்லை.

"ஏண்ணா, கடைல வேற கலரே இல்லியா?"

சிரிப்பு நிற்காமல் வந்து, அப்புறம் அதுவே அழுகையாகி, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மாமாவும் அழுதார். எனக்கும் அப்போதுதான் வந்தது, அப்பா போனதிலிருந்து முதல்முறையாக. எல்லாம் ஓய்ந்த பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"பேங்கு எடுத்ததையும் குடு. வந்தத ஏன் வுடணும்?"

அன்று மதியம் மாமா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இப்போதும் லோன் வேண்டுமா மேடம் என்று பேங்கிலிருந்து போன் வந்தால் தம்பி என் போனை நேராக அம்மாவிடம் கொண்டுபோய், "மா, உன் சின்ன அண்ணன் லைன்ல கீறான்" என்று நீட்டுவான். அம்மாவும் வாங்கிக் காதில் வைத்துக்கொள்வாள்.

"கோடி எடுத்தியே நைனா, ஒரு வாய் சாப்புடாமப் போய்ட்டியே. எப்ப வர்ற?"