ஆறாவது கட்டத்தில் சின்னப்பொண்ணு

இடது கை இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கை பென்சிலால் கோடு இழுக்கிறது. ஒவ்வொரு கோடு முடிந்ததும் அளவுகோலின் விளிம்பைச் சட்டை நுனியில் துடைத்துக்கொள்கிறது. அடுத்த கோட்டில் கரி படியக் கூடாதல்லவா? தாள் நிறையக் கட்டங்கள் வந்துவிட்டன. கட்டங்களுக்குள்தான் இன்னும் எதுவும் வரவில்லை. அதனால் என்ன? அந்தக் கைகளுக்கு இப்போது கிடைத்திருக்கும் நிம்மதி, வேலையை முடித்தவனுக்குக் கூடக் கிடைக்காது.

வாசகரே, மனிதர்களில் இது ஒரு தனி இனம். இவர் வேலைக்கு ஒளிகிறவர் அல்ல. எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போகிறவர். ஆனால் வேலையைச் செய்வதில்லை. அதைச் செய்யச் சிறந்த வழி எது என்று ஆராய்வார். வழி ஆராய்பவர் என்றே இவரை அழைப்போம்.

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் இவரைப் பார்த்திருப்பீர்கள். மாமல்லபுரம் போக வேண்டும். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. இவர் படியில் ஒரு காலை வைக்கிறார். திருப்போரூர் சுற்றிப் போனால் தூரம் கூடும், ஆனால் சன்னலோரம் இடம் கிடைக்கும், அதில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைத்தபடி அந்தக் காலைக் கீழே இறக்குகிறார். "ஏறுறியா இல்லியா அண்ணாத்த?" என்கிறார் நடத்துனர். வண்டி போகிறது. அடுத்ததும் போகிறது. இவர் முகத்தில் துளி வருத்தம் உண்டா? இல்லை. இரண்டு வண்டிகளும் புறப்பட்ட நேரம் இப்போது கைவசம் இருக்கிறதே!

கொசுவலை வாங்கினாலும் இவர் இப்படித்தான், பெண் பார்க்கப் போனாலும் இப்படித்தான். "அதுவும் நல்லதுதான், ஆனா..." என்பது இவருடைய கொடி. "மொதல்ல தேவைய வரையறுப்போம்" என்பது கொடிக்கம்பம். இவரை மடக்கவும் முடியாது. ஏனென்றால் இவர் சொல்வது எப்போதுமே சரி. அதுதான் கொடுமை.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்றை 1998இல் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க வாய்த்தது. பெயர் அருணகிரி. பன்னிரண்டு தொட்டிகளில் ஊசி முனை அளவு இறால் குஞ்சுகள் நீந்தும் அந்த இடத்தில் கணினி நிரல் எழுதுவது அவர் வேலை. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் அரை மணி நேரத்தில் ஒரு தொட்டியே செத்து வெளுத்துவிடும். ஆகவே இரண்டு நிரல்கள். ஒன்று, உடன் வேலை பார்த்த சிநேகா சி மொழியில் எழுதியது. அது தொட்டிகளில் இருக்கும் கருவிகளைப் படித்து எண்களைத் திரையில் காட்டும். மற்றொன்று அருணகிரி ஸ்மால்டாக் என்ற வேறொரு கணினி மொழியில் எழுதியது; அது எண் குறைந்தால் மணி அடிக்கும்.

இரண்டும் ஒரே கணினியில், ஒரே திரையில், பக்கத்துப் பக்கத்துச் சன்னல்களில் ஓடின. நடுவே ஒரு விரல் அகலம். அந்த ஒரு விரலை எண்கள் எப்படித் தாண்டுவது?

ஸ்மால்டாக்கின் சுபாவத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒரு கூட்டுக் குடும்பம். எண், எழுத்து, மணி, தொட்டிப் படம் எல்லாம் ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொள்ளும். உள்ளே பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. வாசலுக்கு வெளியே நிற்கும் வேறொரு நிரலோடு பேச வேண்டும் என்றால்தான் வழி தேட வேண்டும். வழிகளோ ஐந்து. ஐந்து வழிகள் இருக்கும் இடத்தில் நம்மவரை விட்டால் என்ன ஆகும்?

அட்டவணை ஆகும். இரண்டுக்கும் நடுவே தொலைபேசி இணைப்பு மாதிரி சாக்கெட் வைக்கலாம், ஆனால் எதிர்முனை செத்துப்போனால் யார் வந்து சொல்வது? இந்தப் பக்கம் எண்ணை ஊற்றினால் அந்தப் பக்கம் விழுகிற மாதிரி குழாய் போடலாம், ஆனால் நாளைக்கு மணி அடிக்கும் நிரல் பதில் பேச விரும்பினால்? நினைவகத்தில் பொது இடம் ஒதுக்கலாம். ஆனால் ஒருவர் எழுதும்போது மற்றவர் கை வைக்காமல் யார் காவல்? விண்டோஸே தரும் தூது வசதி இருக்கிறது. ஆனால் விண்டோஸை விட்டுவிட்டால்? எல்லாவற்றையும் விட எளிது, ஒருவர் கோப்பில் எழுத மற்றவர் படிப்பது. ஆனால் 5.8 என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் பாதியைப் படித்துவிட்டால்?

எல்லாம் சரியான கேள்விகள். நான்கு மாதம் ஓடியது.

அதுவரை? அதுவரை சின்னப்பொண்ணு. தொட்டி கழுவ வந்தவர். எண்கள் தெரியும் என்பதால் கணினி முன் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டார். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, கால் மணிக்கு ஒரு முறை, இடது சன்னலில் இருக்கும் பன்னிரண்டு எண்களைப் படித்து வலது சன்னலில் தட்ட வேண்டும். மாலையில் இரவு முறைக்குச் செல்வராஜ் என்பவர் வந்து மாற்றிக்கொள்வார். ஒரு நாள் மதியம் சின்னப்பொண்ணு சோறு தின்ன எழுந்து நாற்பது நிமிடம் கழித்து வந்தபோது ஏழாம் தொட்டி வெளுத்திருந்தது. எண்ணைத் தட்ட ஆள் இல்லாததால் மணிக்கு விஷயமே தெரியாது. முதலாளி ஞானதாஸ் அன்றைக்கே சட்டம் போட்டார்: இரண்டு நிரலும் தாமாகப் பேசிக்கொள்ளும் வரை சின்னப்பொண்ணுக்கு விடுப்பு கிடையாது.

அதற்குள் ஆவணி பிறந்துவிட்டது. சின்னப்பொண்ணின் ஒரே மகள் செய்யூரில் வாழ்க்கைப்பட்டவள்; அவளுக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முதல் வளையலைத் தாய் போட வேண்டும். புதன்கிழமை சின்னப்பொண்ணு விடுப்பு கேட்டு அருணகிரியின் மேசை முன் வந்து நின்றார். அருணகிரி, பதற்றத்தில் எடுக்கும் முடிவுகளின் விளைவுகளைப் பொறுமையாக விளக்கினார். சாக்கெட்டைக் கடைசி இரண்டுக்குள் கொண்டுவந்துவிட்டதாகவும் ஆறுதல் சொன்னார்.

"இன்னா சார் நீங்க, ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ள குந்திகினு கீது. சம்பந்திச் சண்டையா இன்னா, நடுவுல நா தூது போறதுக்கு? நீங்க சொல்லிகினு கீற அந்தக் கோப்புல எழுதி வெச்சா இன்னா கொறச்சல்?"

"அதுவும் நல்லதுதான்மா. ஆனா இது பாதி எழுதிகினு இருக்கும்போது அது படிச்சிட்டா?"

சின்னப்பொண்ணு அவரையும் அவர் அளவுகோலையும் ஒரு முறை பார்த்தார்.

"நாங்க தீவனம் கலக்குறப்ப இன்னா பண்றோம்? கலக்கிகினு கீற வாளிக்குப் பேரு கெடையாது. கலக்கி முடிச்சாத்தான் தகரச் சீட்டு மாட்டுவோம், இது மூணாந்தொட்டிக்கு, இது நாலாந்தொட்டிக்குன்னு. சீட்டு இல்லாத வாளிய எவனும் தொட மாட்டான். உங்க பொட்டிக்கு அந்த அறிவு கூடவா இல்ல?"

சிநேகாதான் முதலில் பேசினாள். ஏதோ ஒரு பெயரில் எழுதலாம், எழுதி முடித்த பிறகு நிஜப் பெயருக்கு மாற்றலாம், அந்தப் பெயர் கண்ணில் பட்டால் மட்டும் மறுபக்கம் படிக்கட்டும், படித்ததும் அழித்துவிடட்டும், வாளி காலியானதும் சீட்டைக் கழற்றுகிற மாதிரி. சொல்லிக்கொண்டே அவள் தன் பக்கத்தை எழுதி முடித்துவிட்டாள்.

அருணகிரியின் பக்கம் பன்னிரண்டு வரி. அதை எழுத அவர் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு நிபந்தனையின் மேல்: இது தேர்வு அல்ல, தற்காலிகச் சோதனை. வேண்டுமென்றே நான்காம் தொட்டியின் காற்றுக் குழாயை மடித்துப் பிடித்தார்கள். எண் இறங்கியது. யாரும் எதையும் தட்டவில்லை. மணி அடித்தது. ஞானதாஸ் வாசலில் வந்து நின்று இரண்டாம் முறையும் அடிக்கச் சொல்லிக் கேட்டார். வியாழன் மாலை சின்னப்பொண்ணு செய்யூர் வண்டியில் இருந்தார், மடியில் வளையல் டப்பாவோடு.

இந்தத் தற்காலிகச் சோதனை அந்தப் பொரிப்பகத்தில் ஒன்பது வருடம் ஓடியது.

கதை முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? வழி ஆராய்பவரை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. பிரச்சினை தீர்ந்துபோனதற்காக ஆராய்ச்சியை நிறுத்த முடியுமா? அடுத்த தை மாதம், நாற்பத்து மூன்று பக்கத்தில், சுருள் கம்பி கோத்து, கண்ணாடித்தாள் அட்டை போட்டு அறிக்கை தயாரானது. அருணகிரி நேர்மையானவர். இருக்கும் வழிகள் எல்லாவற்றையும் மதிப்பிட வேண்டும் என்பதால் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார். அதன் தலைப்பு: சின்னப்பொண்ணு. பாதி எண்ணைப் படித்ததில்லை. வேறு கணினிக்கு மாற்றினாலும் கூடவே வருவார். எதிர்முனை செத்தால் சத்தம் போட்டுச் சொல்வார். பதிலும் பேசுவார், அதில் ஐயமே இல்லை. கூட்டிப் பார்த்தால் கோப்புக்கு எழுபத்து நான்கு, சாக்கெட்டுக்கு எழுபத்து ஆறு, சின்னப்பொண்ணுக்குத் தொண்ணூற்று ஒன்று.

ஞானதாஸ் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, அறிக்கையைத் தொண்ணூற்று ஒன்று வாங்கியவரிடமே நீட்டினார். தீவன வாளியைக் கீழே வைத்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சின்னப்பொண்ணு வாங்கிப் பார்த்தார்.

"மீதி ஒம்போது எங்க சார் போச்சு?"

"அஞ்சு, அந்த ஏழாம் தொட்டி சாப்பாட்டு நேரம்," என்றார் அருணகிரி, துளிச் சிரிப்பும் இல்லாமல். "நாலு, வளைகாப்புக்கு லீவு கேட்டது."

"அப்போ அந்தக் கோப்புக்கே நூறு போட்ருங்க சார். அதுக்குப் பொண்ணு இல்ல."

அருணகிரி யோசித்தார். நியாயமான கருத்து. மகள் உண்டா, இல்லையா? ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது. அளவுகோலை எடுத்தார்.

இருக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள். மேலே ஐந்து வழிகளைச் சொன்னபோது, "ஏன், சாக்கெட்டே போதுமே" என்றோ, "குழாய்க்கு என்ன குறை" என்றோ உங்கள் மனம் ஒரு சின்னக் கட்டம் போட்டதா இல்லையா? மகளின் வளைகாப்புக்குப் போக முடியாமல் ஒரு தாய் மேசை முன் நின்றபோது, இன்னும் நல்ல வழி ஒன்று இருக்குமே என்று ஒரு கணம் தோன்றியதா இல்லையா? வெட்கப்பட வேண்டாம். அந்த அறிக்கையில் புதுத் திருத்தங்களோடு ஒரு பிரதி கைவசம் இருக்கிறது. ஏழாவது கட்டம் சுத்தமாகக் கோடு போட்டு, தலைப்பு எழுதாமல் விடப்பட்டிருக்கிறது.

இந்தாருங்கள். பென்சில் உள்ளேயே இருக்கிறது.