கணக்கப்பிள்ளையின் கச்சேரி

தொண்டை கட்டிவிட்டது என்று வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வடிவேல் சொல்லி வாய் மூடுவதற்குள், இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் அவர் முன்னால் வந்து நின்றது.

"குடிங்க. அட்டன் கச்சேரிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு, சரியாயிரும்" என்றாள் மனைவி ஜெயலெட்சுமி.

வடிவேலுக்குப் பாட வராது. கொஞ்சங்கூட வராது. பெண் பார்க்கப் போன இடத்தில், மாமனார் சங்கீதப் பித்தர் என்று தெரிந்ததும், மாப்பிள்ளை தஞ்சாவூரில் பாட்டுப் படித்தவர் என்று தரகர் அடித்துவிட்டார். அதைக் கேட்டுப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்த்தவருக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை. குருவுக்குக் கொடுத்த சத்தியம், வட்டகொடைக் குளிர், கொழுந்துப் பருவம் என்று எதையாவது சொல்லி, பத்து வருடமாக அவள் முன்னால் ஒரு வரி கூடப் பாடாமல் காலத்தை ஓட்டிவிட்டார்.

மாமனார் சும்மா இருந்தால்தானே? மருமகனின் பெருமையை அட்டன் கடைவீதி முழுக்கப் பரப்பியிருந்தார். சரஸ்வதி பூஜைக் கச்சேரி நடத்தும் ஜவுளிக்கடை நாகலிங்கம் நோட்டீஸே அடித்து ஒட்டிவிட்டார்.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஜெயலெட்சுமி தலைகுனிந்து நிற்பதை எப்படிப் பார்ப்பது? அதை நினைத்து அவர் ராத்திரி வெகுநேரம் புரண்டு படுத்தார். அவளோ வழக்கம்போல் குளிருக்குக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

கஷாயத்தில் தொண்டை முன்னைவிடத் தெளிந்துவிட்டது. உடனே அட்டனுக்குப் போய், ஆர்மோனியம் இல்லாமல் பாடிப் பழக்கமில்லை என்றார். நாகலிங்கம் கொழும்புக்குத் தந்தி கொடுத்தார். பெட்டியும் அதை வாசிக்கிறவருமாக ரயிலில் வந்து இறங்கினார்கள்.

சின்னக் கூட்டத்துக்கு முன்னால் பாடினால் குரு கோபிப்பார் என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டுப் பார்த்தார்.

"நல்ல வேளை சொன்னீங்க" என்ற நாகலிங்கம், நாலைந்து தோட்டத்துத் துரைமார் காலைப் பிடித்து லாரி வாங்கி, லயங்களில் குடியிருக்கும் தொழிலாளர் ஜனங்களை மொத்தமாக ஏற்றி வந்து இறக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் மூச்சு விட இடமில்லை. வாசலில் வரவேற்புக்கு அடித்து முடித்த வடிவேலின் தோட்டத்துத் தப்புக்காரர்கள், அழகுமுத்து தலைமையில் மேடையோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயலெட்சுமி அவர்களுக்கு வடை கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்வரிசையில் வந்து அமர்ந்தாள்.

வடிவேல் கண்ணை மூடி, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, "ஆ" என்று இழுத்தார். ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

அந்த நேரத்தில்தான் அழகுமுத்துவின் தப்பு முழங்கியது. விடிகாலையில் லயத்து ஆட்களைப் பெரட்டுக்கு, ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பக் கூப்பிட அடிக்கும் அதே அடி.

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது கால்களுக்குத் தெரியவில்லை. ஆண்கள் எழுந்தார்கள். பெண்கள் கொழுந்துக் கூடையைத் தேடிக்கொண்டே எழுந்தார்கள். மேடை மறைந்துவிட்டதால் பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். வடிவேலே பாட்டை விட்டுவிட்டு ஆள் எண்ண எழுந்து நின்றுவிட்டார். கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைத்த லாரிக்காரர்கள் வண்டியைக் கிளப்ப, வண்டியைத் தவறவிடப் பயந்து மிச்சக் கூட்டமும் ஓடியது. வாங்கிய மாலை வீணாகக் கூடாதென்று நாகலிங்கம் அதை வடிவேலின் கழுத்தில் போட்டுவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

வடிவேலுக்கு உடம்பே லேசாகிவிட்டது. பத்து வருடப் பொய் தப்பித்துவிட்டது, ஜெயலெட்சுமிக்கு இனி எதுவும் தெரியப்போவதில்லை. மாலையோடு வெளியே வந்து அழகுமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மானத்தக் காப்பாத்திட்ட அழகுமுத்து. உனக்கு எப்படி இந்த யோசனை வந்துச்சு?"

லாரியில் ஏறிக்கொண்டிருந்த ஜெயலெட்சுமியைப் பார்த்துவிட்டு, அழகுமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மாதாங்க அடிக்கச் சொன்னாங்க. நீங்க தூக்கத்துல பாடுற பாட்டுக்குத்தான் அவுங்க பத்து வருசமா காதுல பஞ்சு வைக்கிறாங்களாம்."